நசத்தில் நாற்பத்தைந்து நாள்

நோயை ஒழிக்கப் பாடுபட்ட மகான்கள் உலகத்தில் பலர் உண்டு. நோயை எல்லாருக்கும் நியாயமாகப் பங்கிடப் பாடுபட்டவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவர் பெயர் அரங்கநாதன். கள்ளக்குறிச்சியில் ஓர் உரக்கடையின் மாடியில் இயக்குநராக இருக்கிறார். கீழே யூரியா மூட்டைகள், மேலே அவர். அவரிடம் நாற்பத்தைந்து நாள் பயிற்சி பெறும் பாக்கியம் எனக்கு வாய்த்தது. இதை எழுதிவைக்காமல் போனால் வருங்காலம் என்னை மன்னிக்காது.

என் பெயர் எழில்மதி. ஊர் நைனார்பாளையம். அப்பா குத்தகை நிலத்தில் மரவள்ளி போடுகிறவர். நான் சமூகப்பணியில் முதுகலை இரண்டாம் ஆண்டு. எங்கள் கல்லூரியில் ஆளுக்கொரு நிறுவனத்துக்குப் பயிற்சிக்கு அனுப்புவார்கள். என்னோடு படிக்கிற ஒருத்தி முதியோர் இல்லத்துக்குப் போனாள். அங்கே அவளைத் துணி துவைக்கச் சொன்னார்களாம். இன்னொருவன் ஒரு காப்பகத்துக்குப் போய் நாற்பத்தைந்து நாளும் சோறு வடித்தான். துவைக்கவோ வடிக்கவோ எதுவுமே இல்லாத உயர்ந்த நிறுவனம் எனக்கு மட்டும்தான் கிடைத்தது.

அதன் முழுப்பெயர் 'நலச் சமநீதி மன்றம்'. நீளமாக இருக்கிறதென்று பலகையில் 'நசம்' என்று சுருக்கி எழுதியிருந்தார்கள். நான் சேர்வதற்கு ஒரு வாரம் முன்னால் யாரோ கரித்துண்டால் 'ந'வுக்குப் பக்கத்தில் ஒரு துணைக்கால் போட்டுவிட்டார்கள். நசம், நாசம் ஆகிவிட்டது. உரக்கடைக்காரர் அழிப்பதற்குத் துணியோடு வந்தபோது அரங்கநாதன் சார் தடுத்துவிட்டாராம். மக்கள் தாங்களாக முன்வந்து நமக்குத் துணையாக ஒரு கால் கொடுத்திருக்கிறார்கள், அதை அழிக்க நாம் யார் என்று கேட்டாராம். ஆண்டறிக்கையில் அது 'மக்கள் பங்கேற்பு' என்ற தலைப்பில் படத்தோடு வந்திருந்தது.

முதல் நாள் எனக்குப் பாடம் எடுத்தவர் திட்ட ஒருங்கிணைப்பாளர் சுபஸ்ரீ மேடம். அவருக்குச் சொந்த ஊர் எலவனாசூர்கோட்டை. ஆனால் அவர் பேசுகிற தமிழுக்கு ஊரே கிடையாது. நசத்தில் எதை எப்படிச் சொல்லவேண்டும் என்று அன்று முழுக்கச் சொல்லிக்கொடுத்தார். 'ஏழை' என்று சொல்லக் கூடாது, 'வாய்ப்பு எட்டாதோர்'. 'நோயாளி' கூடாது, 'நல அனுபவம் பெற்றவர்'. பயிற்சி பெற வந்த நானே 'பயிற்சியாளர்'. 'செத்துப்போனார்' என்று மறந்தும் சொல்லக் கூடாது. 'திட்ட எல்லைக்கு வெளியே சென்றார்'. கல்வராயன் மலைமேல் இருக்கிற ஊருக்கு மூச்சு வாங்க ஏறிப் போவதற்குக் 'களம் இறங்குதல்' என்று பெயர். எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டு போய் மனப்பாடம் செய்தேன். மறுநாள் காலையில் அப்பாவுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. அப்பா நல அனுபவம் பெற்றுக்கொண்டிருக்கிறார் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா தைல பாட்டிலை என் கையில் திணித்து, தேய்த்துவிட்டுப் பேசு என்றாள். படிக்காதவர்களிடம் கோட்பாடு எடுபடாது.

இரண்டாம் நாள் சார் என்னைத் தன் அறைக்கு அழைத்து அடிப்படைத் தத்துவத்தை விளக்கினார். சமத்துவம் வேறு, சமநீதி வேறு. எல்லாருக்கும் ஒரே அளவுச் செருப்பைக் கொடுப்பது சமத்துவம். அவரவர் காலுக்கு ஏற்ற செருப்பைக் கொடுப்பது சமநீதி. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இதுவரை எத்தனை ஜோடி கொடுத்திருக்கிறோம் சார் என்று ஆர்வத்தில் கேட்டுவிட்டேன்.

சார் சிரித்தார். "நாம் என்ன செருப்புக் கடையா நடத்துகிறோம், எழில்மதி? நாம் கால் அளக்கிறோம்."

கால் அளப்பதற்கு ஒவ்வொரு புதன்கிழமையும் ஜீப்பில் போவோம். ஜீப் நன்கொடையாளர்கள் வாங்கிக் கொடுத்தது. ஒன்பது பேர் உட்காரலாம். கதவில் 'எட்டாதோரை எட்டுவோம்' என்று எழுதியிருக்கும். ஓட்டுகிறவர் கச்சிராயபாளையத்துக் காசிநாதன் அண்ணன். கோமுகி அணையைத் தாண்டி மலைப்பாதையில் ஏறி, வெள்ளிமலை ரோட்டிலிருந்து பிரிந்து நாலு கிலோமீட்டர் மண்பாதையில் போனால் கடுக்காம்பட்டு என்ற சிற்றூர். நூற்று நாற்பது பேர். ஆண்களில் பாதிப் பேர் கேரளாவில் மிளகுத் தோட்ட வேலைக்குப் போயிருந்தார்கள். 108 வண்டி தார் ரோடு முடிகிற இடம் வரைக்கும் வரும். அதற்கு மேல் அந்தப் பாதையில் ஏறாது. அதைக் கூப்பிடுவதற்கும் ஒரு பாறைமேல் ஏறி நின்றால்தான் செல்போனில் சிக்னல் கிடைக்கும். அந்த மண்பாதையில் ஏறக்கூடிய ஒரே நாலு சக்கர வண்டி எங்கள் ஜீப்தான்.

ஊர்நடுவே ஒரு பலாமரம். அதன் அடியில் 'கேட்பு வட்டம்' நடக்கும். பெண்கள் வட்டமாக உட்காருவார்கள். நாங்கள் கேட்போம். 'கேட்பது' என்ற தமிழ்ச் சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பது எவ்வளவு பெரிய வசதி என்று எனக்கு அங்கேதான் புரிந்தது. அவர்கள் கேட்பார்கள், நாங்களும் கேட்போம். கேட்டதைச் சார்ட் தாளில் நாலு நிறத்தில் எழுதி, படம் பிடித்து, சுருட்டிக்கொண்டு இறங்குவோம். போன ஆண்டு மட்டும் ஐம்பத்தொரு தடவை கேட்டிருந்தார்கள். ஐம்பத்தொரு தடவையும் ஒரே விஷயம்தான் என்றாலும், முதல்முறை கேட்பதுபோல் கேட்பதில் சுபஸ்ரீ மேடத்தை மிஞ்ச ஆள் இல்லை.

நான் போன இரண்டாவது புதனன்று செவ்வந்தி பேசினாள். என் வயதுதான், இருபத்திரண்டு. அரசு உண்டு உறைவிடப் பள்ளியில் எட்டாவது வரைக்கும் படித்தவள். புருஷன் ராசு கேரளாவில். மாமியார் சின்னப்பொண்ணுவோடு இருந்தாள். வயிற்றில் எட்டு மாதம். வட்டத்தில் எல்லாரும் தரையில் உட்கார்ந்திருக்க, அவள் மட்டும் பலாமரத்தில் சாய்ந்துகொண்டு நின்றாள்.

"மேடம், நீங்க போறப்போ ஜீப்பு சும்மாதான போவுது. என்னிய அடிவாரத்து ஆஸ்பத்திரியாண்ட எறக்கி வுட்டுடுங்க. ஸ்கேன் எடுக்கணும்னு நர்சம்மா எழுதிக் குடுத்துருக்காங்க. நடந்தா காலு வீங்கிக்கினு நிக்குது."

மேடம் மிகுந்த பரிவோடு ஏழாம் விதியை விளக்கினார். நசத்தின் வண்டியில் பணியாளர்கள் மட்டுமே ஏறலாம். ஒருவரை ஏற்றி மற்றவரை விட்டுப் போனால் அதைவிடப் பெரிய அநீதி என்ன இருக்கிறது என்று கேட்டார். அப்படியென்றால் எல்லாரையும் ஏற்றிக்கொள்ளுங்கள் என்றாள் செவ்வந்தி. ஒன்பது இருக்கைதான் இருக்கிறது என்றார் மேடம். சரி, கொள்ளும்வரைக்கும் ஏற்றுங்கள் என்றாள். மீதிப் பேருக்கு யார் பதில் சொல்வது என்று மேடம் கேட்டார்.

செவ்வந்தி வட்டத்தை ஒரு சுற்று பார்த்தாள். "அவங்கள்லாம் மாசமா இல்லீங்களே" என்றாள்.

மேடம் ஒரு மஞ்சள் சீட்டில் 'சமூகத்தில் சமநீதி குறித்த புரிதல் குறைவு' என்று எழுதிச் சார்ட்டில் ஒட்டினார். ஜீப் இறங்கியது. உள்ளே மேடம், நான், காசிநாதன் அண்ணன். சார்ட் சுருள்கள் கசங்கக் கூடாதென்று அவற்றுக்கு இரண்டு இருக்கை ஒதுக்கியிருந்தோம். மற்ற இருக்கைகளில் எவரும் இல்லை. நூற்று நாற்பது பேரில் ஒருவருக்குக்கூட அநீதி நடக்கவில்லை. மறுநாள் செவ்வந்தி மாமியாரோடு நாலு கிலோமீட்டர் நடந்து இறங்கி, பஸ் பிடித்துப் போய் ஸ்கேன் எடுத்து வந்தாள் என்று அடுத்த வாரம் தெரிந்தது. அதைச் 'சமூகத்தின் தற்சார்பு' என்ற தலைப்பில் குறித்துக்கொண்டோம்.

நான் ஏன் அப்போது வாயைத் திறக்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். சான்றிதழில் சார் கையெழுத்துப் போடவேண்டும்.

ஆனாலும் நசம் செவ்வந்தியின் கோரிக்கையை அலட்சியப்படுத்தியது என்று யாரும் சொல்லிவிட முடியாது. திங்கட்கிழமை மூன்று மணி நேரம் கூட்டம் நடந்தது. முதல் ஒரு மணி நேரத்தில் 'கோரிக்கை' என்ற சொல் நீக்கப்பட்டு 'கண்டறிதல்' என்று மாற்றப்பட்டது. அடுத்த ஒரு மணி நேரம் தேநீர். மூன்றாவது மணியில் சார் ஒரு முடிவுக்கு வந்தார். ஜீப்பில் ஓர் இருக்கையைத் தருவதாக இருந்தால் அது யாருக்குச் சேரவேண்டும் என்பதை நாம் தீர்மானிக்கக் கூடாது, மக்கள்தான் தீர்மானிக்க வேண்டும். ஆகவே 'இருக்கைச் சமநீதி ஆய்வு' ஒன்று தொடங்கப்படும். கள ஆய்வாளர், எழில்மதி.

பதினாறு கேள்வி கொண்ட படிவத்தோடு அந்த வாரப் புதன்கிழமை வீடு வீடாகப் போனேன். இன்னாத்துக்குக் கேக்கறே என்று கேட்டார்களே தவிர, பதில் சொல்ல யாரும் யோசிக்கவில்லை. பேசத் தெரிந்த அத்தனை பேரும் செவ்வந்தி என்றே சொன்னார்கள். அவளோடு தண்ணீர்க் குழாயில் சண்டை போட்டுப் பேச்சை நிறுத்தியிருந்த பக்கத்து வீட்டுக்காரியும் அதையேதான் சொன்னாள். நூறு சதவீதம். சந்தோஷமாகக் கொண்டுவந்து சாரிடம் கொடுத்தேன்.

சாரின் முகம் இருண்டுவிட்டது. நூறு பேரும் ஒரே பதில் சொன்னால் அங்கே ஒரு குரல் நசுக்கப்பட்டிருக்கிறது என்று பொருள் என்றார். அந்த நசுக்கப்பட்ட குரலைக் கண்டுபிடித்து வரும்வரைக்கும் ஆய்வு முடிந்ததாகாது என்று திருப்பி அனுப்பினார். அடுத்த புதனன்று நானும் தேடினேன். கடைசியில் அய்யனார் என்ற பெரியவர் அகப்பட்டார். அவருக்கு முட்டி வலி. இருக்கை செவ்வந்திக்குத்தான், அவளை ஏற்றிய பிறகும் இடம் இருந்தால் என்னையும் ஏற்றிக்கொள்ளலாம் என்றார். அதை அரை மறுப்பாகக் கணக்கில் எடுத்துக்கொண்டோம். கருத்து வேறுபாடு நிலவுவதால் இருக்கை வழங்குவது ஒத்திவைக்கப்பட்டது.

ஐந்தாவது புதனன்று நன்கொடையாளர் சார்பில் மதிப்பீட்டாளர் ஒருவர் வந்தார். பெயர் சிவசங்கர். சென்னைக்காரர். புது நடைக் காலணி, கழுத்தில் அட்டை. அவர் மனம் வைத்தால்தான் அடுத்த மூன்று ஆண்டுக்கு நசம் கால் அளக்க முடியும். அதனால் சாரே நேரில் களம் இறங்கினார். ஜீப்பில் சார், மேடம், சிவசங்கர், நான், காசிநாதன் அண்ணன், பேட்டரியில் பாடுகிற ஓர் ஒலிபெருக்கி, வழக்கமான சார்ட்டுகள்.

கேட்பு வட்டம் சிறப்பாகத் தொடங்கியது. செவ்வந்தியின் 'பயணத்தை' அவள் வாயாலேயே பகிரச் சொல்லி சார் மைக்கை நீட்டினார். அவளுக்குச் சொன்ன தேதிக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. மைக்கை வாங்கியவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு கையால் பலாமரத்தைப் பிடித்துக்கொண்டு, "யத்தே" என்றாள். அது ஒலிபெருக்கியில் ஊர் முழுக்கக் கேட்டது. சிவசங்கர் தன் ஏட்டில் 'உணர்ச்சிகரமான பகிர்வு' என்று எழுதியதை நான் பார்த்தேன். அதற்குள் அவள் காலடியில் மண் நனைந்துவிட்டது.

வட்டம் கலைந்தது. 108க்குச் சொல்ல ஒருத்தி பாறைக்கு ஓடினாள். இரண்டு பெண்கள் சேலையும் மூங்கிலும் கொண்டுவந்து தூளி கட்ட ஆரம்பித்தார்கள். அந்த ஊரில் தார் ரோடு வரைக்கும் அப்படித்தான் தூக்கிப்போவார்கள். மாற்றி மாற்றித் தூக்க ஆறு பேராவது வேண்டும். கொல்லை வேலைக்குப் போனவர்கள் போக, அன்று ஊரில் இருந்த ஆண்கள் நாலு பேர். அதில் ஒருவர் முட்டி வலி அய்யனார்.

சின்னப்பொண்ணு நேராக சாரிடம் வந்தார். கும்பிடவில்லை, அழவில்லை. "அய்யா, ஜீப்ப எடுங்க" என்றார்.

சார் சிவசங்கரைப் பார்த்தார். சிவசங்கர், இதுபோன்ற சூழலில் உங்கள் நிறுவனக் கொள்கை என்ன சொல்கிறது என்று உண்மையான ஆர்வத்தோடு கேட்டார். சாருக்கு வேறு வழி இல்லை. விதி ஏழு ஆண்டறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருந்தது. அதை ஒப்பித்தார். ஒப்பித்துவிட்டு, அவசரக் கூட்டம் ஒன்றைக் கூட்டுவதாக அறிவித்தார். மேடமும் நானும் பலாமரத்துக்கு அந்தப் பக்கம் அழைக்கப்பட்டோம். தீர்மானத்தை முன்மொழிபவர் யார், வழிமொழிபவர் யார் என்று சார் கேட்டார். மேடம் மரத்தைச் சுற்றி எட்டிப் பார்த்தார். மரத்துக்கு இந்தப் பக்கம் செவ்வந்தி அடித்தொண்டையில் முனகுவது கேட்டது.

காசிநாதன் அண்ணன் கூட்டத்துக்கு அழைக்கப்படவில்லை. அவர் சார்ட் சுருள்களை எடுத்து வெளியே எறிந்துவிட்டு, பின்கதவைத் திறந்து வைத்து, எஞ்சினை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தார். வண்டியை அணைக்கும்படி சார் இரண்டு முறை சொன்னார். அண்ணன் திரும்பவே இல்லை. கேட்பு பற்றிய பயிற்சி ஓட்டுநர்களுக்கு அளிக்கப்படுவதில்லை.

நான் அதற்கு முன்னால் பிரசவ வலியைப் பார்த்ததில்லை. ஏதாவது செய்யவேண்டும் என்று தோன்றியது. நசத்தில் ஒரு மாதம் இருந்துவிட்டதால், செய்வதென்றால் படிவம் நிரப்புவது ஒன்றுதான் எனக்குத் தெரிந்திருந்தது. பைக்குள் கையை விட்டேன். 'பயிற்சியாளர் சேர்க்கைப் படிவம்' இரண்டு மீதி இருந்தது. நானும் பணியாளர் இல்லைதானே, பயிற்சியாளராக இருந்துகொண்டுதானே வாரா வாரம் ஜீப்பில் வருகிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

செவ்வந்தியிடம் ஓடிப்போய்ப் பேனாவை நீட்டினேன்.

"இன்னாக்கா இது?"

"நசத்துல வேலைக்குச் சேர்ற பாரம். கையெழுத்துப் போடு. போட்டா ஜீப்புல ஏறலாம்."

பைத்தியக்காரியைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள். அடுத்த வலி வருவதற்குள் கையெழுத்துப் போட்டாள். மற்றதை நான் நிரப்பினேன். கல்வித் தகுதி, எட்டாம் வகுப்பு. முன் அனுபவம், இருபத்திரண்டு ஆண்டு. பயிற்சி தொடங்கும் நேரம், உடனடியாக. 'பயிற்சியின் நோக்கம்' என்ற இடத்தைக் காலியாக விட்டால் சார் ஏற்கமாட்டார் என்பதால் அவளையே கேட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு, "பெத்துக்கணும்" என்றாள். 'விளைவு சார்ந்த கற்றல்' என்று எழுதினேன். இரண்டாவது படிவத்தில் சின்னப்பொண்ணுவின் பெருவிரலை அழுத்தி வைத்தேன். எனக்கு அறுபது வயசாகிறது, எனக்கெதற்கு வேலை என்று அவர் கேட்டுக்கொண்டேதான் இருந்தார்.

படிவங்களைச் சாரிடம் நீட்டினேன். விளம்பரம் கொடுக்காமல், நேர்காணல் நடத்தாமல் பயிற்சியாளர்களை எப்படிச் சேர்ப்பது என்று அவர் தயங்கினார். அதற்குள் சிவசங்கர் படிவத்தை வாங்கிப் படித்தார். அவர் முகம் மலர்ந்தது. சமூகத்துக்குள்ளிருந்தே பயிற்சியாளர்களா, இதை நான் வேறு எங்குமே பார்த்ததில்லையே என்றார்.

இரண்டு ஆண்டுகளாகத் திட்டமிட்டு வருகிறோம் என்றார் சார். கையெழுத்துப் போட்டார். தேதியும் இட்டார்.

ஜீப் நகர்ந்ததும் சார் முன் இருக்கையிலிருந்து பின்னால் திரும்பி, புதிய பயிற்சியாளர்களை நசம் குடும்பத்தின் சார்பில் வரவேற்றார். அறிமுக உரை இல்லாமல் யாரையும் சேர்ப்பது மரபில்லை. நிறுவனத்தின் தோற்றம், நோக்கு, இலக்கு என்று போய்க்கொண்டிருந்தார். நான்காவது விழுமியத்தில் இருந்தபோது ஜீப் ஒரு பள்ளத்தில் இறங்கியது. செவ்வந்தி எட்டி அவர் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டாள். வலி வரும்போதெல்லாம் காலர் இறுகியது. ஐந்தாவது விழுமியம் எனக்குக் கடைசிவரை தெரியாமலே போய்விட்டது.

சுபஸ்ரீ மேடம் செவ்வந்தியின் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். நெற்றியைத் துடைத்துவிட்டார். "வாயால மூச்ச வுடு கண்ணு. இறுக்கிக்காத. தோ வந்துட்டோம், வூட்டுக்கு வர்ற மாதிரி வந்துட்டோம். யண்ணே, ஓரமாப் பாத்து ஓட்டு, குலுக்காத." எலவனாசூர்கோட்டை அவர் வாயிலிருந்து வந்துகொண்டே இருந்தது. அவரும் ஒரு பிள்ளை பெற்றவர் என்பது எனக்கு அதுவரை தெரியாது. நான் செவ்வந்தியின் கால்களைப் பிடித்துக்கொண்டிருந்தேன். என் கையைவிட அவை சில்லிட்டிருந்தன. சாமி பெயர் எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை. இன்னும் எத்தனை வளைவு என்று மட்டும் எண்ணிக்கொண்டே வந்தேன்.

அடிவாரத்து ஆஸ்பத்திரியில் சேர்த்த இருபதாவது நிமிடத்தில் பெண் குழந்தை பிறந்தது. செவ்வந்திக்கு ரத்தப்போக்கு நிற்காமல் டாக்டரம்மா வெகுநேரம் போராடினார். வெளியே வந்து, இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் தாயைப் பார்த்திருக்க முடியாது என்றார். நான் குழாயடிக்குப் போய் நின்று அழுதேன். அதற்கு நசத்தில் வேறு சொல் சொல்லிக்கொடுக்கவில்லை.

அதன் பிறகு நசத்தின் புகழ் பரவியது. 'மலைமக்களே பயிற்சியாளர்கள்' என்று சிவசங்கர் எழுதிய அறிக்கை நன்கொடையாளர்களை உருக்கிவிட்டது. மூன்று ஆண்டு நீட்டிப்பு வந்தது. அதற்கு முன்பே, பிரசவத்துக்கு அடுத்த புதன்கிழமை நாங்கள் கடுக்காம்பட்டுக்குப் போனபோது பதினொரு பேர் பயிற்சியில் சேர வரிசையில் நின்றார்கள். முதலில் அய்யனார். பயிற்சியின் நோக்கம் என்ன என்று கேட்டேன். முட்டி என்றார். ஒரு தாய் காய்ச்சலடிக்கிற மூன்று வயதுப் பெண்ணைச் சேர்க்கக் கொண்டுவந்திருந்தாள். மேடம் சார்ட்டுகளைக் காலடியில் போட்டுக்கொண்டு, கொள்ளும் அளவுக்கு எல்லாரையும் ஏற்றினார். அன்றைக்கு ஜீப் நிறைந்து இறங்கியது.

வியாழக்கிழமை சார் சுற்றறிக்கை விட்டார். தரத்தைப் பேணும் பொருட்டு, இனிமேல் நசத்தில் பயிற்சியாளராகச் சேரக் குறைந்தபட்சத் தகுதி முதுகலைப் பட்டம். அய்யனார் உட்பட பதினொரு பேரின் சேர்க்கையும் ரத்து. செவ்வந்தியும் சின்னப்பொண்ணுவும் மட்டும் பழைய விதிப்படி சேர்ந்தவர்கள் என்பதால் தொடரலாம். ஆனால் அவர்கள் பணியில் சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் அனுமதியின்றி ஆஸ்பத்திரியில் நின்றுவிட்டதால், விளக்கம் கேட்டு ஆளுக்கொரு குறிப்பாணை போயிற்று. செவ்வந்தி அதன் பின்பக்கத்திலேயே பதில் எழுதி அனுப்பினாள். 'குழந்தை பால் குடிக்கிறது. வர முடியாது.' சார் அதைக் கோப்பில் வைத்தார்.

என் நாற்பத்தைந்து நாள் முடிந்து, ஒரு மாதம் கழித்து, உரக்கடை மாடியில் 'பயிற்சி நிறைவு விழா' நடந்தது. சிவசங்கர் வந்திருந்தார். சான்றிதழ் பெறுவோர் இரண்டே பேர், செவ்வந்தியும் நானும். சின்னப்பொண்ணு, எனக்குக் காகிதம் வேண்டாம், கொல்லையில் மல்லாட்டைச் செடி பிடுங்க ஆள் இல்லை என்று வரவில்லை. செவ்வந்தி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். சான்றிதழ் வாங்கும் முன்னால் ஒவ்வொருவரும் இந்தப் பயிற்சியில் கற்றது என்ன என்று சொல்லவேண்டும். நான் நாலு பக்கம் எழுதிப் படித்தேன். கைதட்டினார்கள்.

செவ்வந்தி எழுந்தாள். மைக் வேண்டாம் என்றாள்.

"ஜீப்புல எடம் இருந்துச்சுன்னு கத்துக்கினேன்."

அதற்கும் கைதட்டினார்கள். சிவசங்கர் எழுதிக்கொண்டார். அவள் உட்காரவில்லை. குழந்தையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டு, கோபமே இல்லாத குரலில் சொன்னாள்.

"போன வருசம் மாசியில எங்க பெரியம்மா பொண்ணு காத்தாயிக்கு வலி எடுத்துச்சு. தூளி கட்டித் தூக்கிக்கினு எறங்கனோம். பாதி வழியில இந்த ஜீப்பு எதுத்தாப்புல ஏறி வந்துச்சு. ஆரன் அடிச்சாங்க. பாதை சின்னதுங்களே, அதான் தூளிய எறக்கி வெச்சிட்டு, ஓரமா ஒதுங்கி வழி வுட்டோம். உள்ள இருந்து நீங்ககூட கையாட்டனீங்க, சார். மறுபடியும் தூக்கறப்போ அவசரம் இல்லாமப் போச்சு."

காசிநாதன் அண்ணன் வாசலில் நின்றுகொண்டிருந்தார். படியில் இறங்கிப் போய்விட்டார். சுபஸ்ரீ மேடம் மேஜையில் விரித்திருந்த துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். சார் தொண்டையைச் செருமிக்கொண்டு, இதை நிகழ்ச்சிக் குறிப்பில் சேர்க்கவேண்டும், நம் பணிக்கு மக்கள் எப்போதும் வழிவிட்டே வந்திருக்கிறார்கள் என்றார்.

குறிப்பு எழுதும் பொறுப்பு என்னுடையது. நசத்தில் நான் பெற்ற பயிற்சி வீண்போகவில்லை. எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்று யாரையும் கேட்கவேண்டியிருக்கவில்லை. 'சமூக ஒத்துழைப்பு: மிக நன்று' என்று எழுதினேன். சார் கையெழுத்துப் போட்டார். என் சான்றிதழிலும் அதே பேனாவால் போட்டுக் கொடுத்தார். நான் இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டேன்.